கொசுறுக்காக வாங்கிய பாட்டு

காய்கறிக் கடையில் கறிவேப்பிலைக்குத் தனியாகக் காசு கேட்கும் வியாபாரியை மதுரைப் பக்கத்தில் யாரும் மன்னிப்பதில்லை. நூறு ரூபாய்க்குக் காய் வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் நாலு கொத்தமல்லித் தழையும் தானாகப் பையில் விழ வேண்டும். விழாவிட்டால், "என்னண்ணே, கொசுறு இல்லையா?" என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு முகம் சுளித்த கடைக்காரர், மறுநாள் அந்த வாடிக்கையாளரைப் பக்கத்துக் கடை வாசலில்தான் பார்க்க முடியும்.

இப்படிக் கொசுறு கொடுத்தே பழகிய நமக்கு, கொசுறைப் பற்றி உட்கார்ந்து யோசிக்க வேண்டிய ஒரு சந்தர்ப்பம் இப்போது வந்திருக்கிறது. கோச்சடை மெயின் ரோட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவர், விநியோகஸ்தர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, புதிதாக ஒரு தின்பண்டப் பாக்கெட்டை வாங்கி அடுக்கினார். விலை ஐந்து ரூபாய். உள்ளே பிரபல நடிகர் ஒருவரின் படம் அச்சிட்ட சிறிய அட்டை. மொத்தம் பன்னிரண்டு விதமான அட்டைகள். பன்னிரண்டையும் சேர்த்துக் கொடுப்பவருக்குப் பரிசு உண்டு என்று சொல்லப்பட்டது. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் சரக்கு பறந்தது. அண்ணாச்சிக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி.

நாலாம் நாள் காலை கடை திறக்கும்போது பார்த்தால், வாசல் வாறுகாலில் பிரித்த பாக்கெட்டுகள் மிதக்கின்றன. பண்டம் அப்படியே கிடக்கிறது. பிள்ளைகள் அட்டையை உருவிக்கொண்டு மற்றதைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒன்பதாம் எண் அட்டை மட்டும் ஒருவருக்கும் கிடைக்கவில்லையாம். அன்று சாயங்காலம் ஒரு தகப்பனார் வந்து, "அண்ணாச்சி, நீங்க பண்டத்த விக்கிறீங்களா, சீட்ட விக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சத்தம் போட்டுக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, மெதுவாகக் கேட்டார் என்று நம் உறுப்பினர் வருத்தப்பட்டார். அடுத்த வாரம் விநியோகஸ்தர், புதுப் படம் ரிலீஸை ஒட்டிப் பத்துப் பெட்டி எடுக்கச் சொல்லி மறுபடி வந்து நின்றார். எடுக்கலாமா கூடாதா என்று பேச்சு சங்கத்துக்கு வந்தது. விற்கிற சரக்கை யாராவது விடுவார்களா என்பது ஒரு கட்சி. கருத்துச் சொல்லுமுன், ரசிகனுக்குக் கொசுறு கொடுத்தே ஒரு பெரிய தொழிலை நடத்திக் காட்டிய நாட்டைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வருவோம். அது ஜப்பான்.

கொசுறுக்கு ஜப்பான் மொழியில் 'ஒமாகே' என்று பெயர். கிளிகோ என்ற மிட்டாய்க் கம்பெனி 1920களிலேயே கேரமல் பெட்டியோடு சின்னஞ்சிறு பொம்மையை வைத்து விற்கத் தொடங்கிவிட்டது. பொம்மைக்காகவே மிட்டாய் வாங்கிய பிள்ளைகள் அந்தக் காலத்திலேயே உண்டு. ஆனால் இந்தக் கலை முழுதாக வளர்ந்தது மிட்டாயில் அல்ல, பாட்டில்.

அந்த நாட்டுப் பாட்டு ரசிகர்களைப் பற்றிக் கேள்விப்படும் சங்கதிகள் வேடிக்கையானவை. ஒரு குழுவில் பத்துப் பெண்கள் பாடினால், பத்துப் பேருக்கும் தனித்தனி நிறம் உண்டு. தனக்குப் பிடித்த பெண்ணின் நிறத்தில் எரியும் விளக்குக் குச்சியை ரசிகர் கையில் பிடித்து ஆட்ட வேண்டும். இளைஞர் குழுக்களின் கச்சேரி என்றால் பெண் ரசிகைகள் கையில் 'உச்சிவா' இருக்கும். உச்சிவா வேறொன்றுமில்லை, நம் பனையோலை விசிறி மாதிரி ஒரு கைவிசிறி. அதில் அபிமானப் பாடகரின் முகமோ பெயரோ இருக்கும். எம்.ஜி.ஆர். விசிறி, சிவாஜி விசிறி என்று நாம் வாயால் சொன்னதை அவர்கள் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்! அதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. விசிறியை நெஞ்சு உயரத்துக்கு மேல் தூக்கக் கூடாது, பின்னால் இருப்பவருக்கு மறைக்குமாம். நம் ஊரில் முதல் நாள் முதல் காட்சியில் பின்வரிசைக்காரர் படும் பாட்டை நினைத்துக்கொண்டோம்.

இன்னொன்று. ஹட்சுனே மிக்கு என்று அங்கே ஒரு நட்சத்திரப் பாடகி. அரங்கம் நிறையக் கூட்டம் கூடும். ஆனால் அப்படி ஒரு பெண் உலகத்தில் கிடையாது. 2007ல் ஒரு கம்பெனி, கம்ப்யூட்டரில் பாட்டுப் பாடவைக்கும் மென்பொருள் ஒன்றை வெளியிட்டபோது, வெறும் பெட்டியாக இருந்தால் விற்காது என்று மேலே ஒரு பெண்ணின் சித்திரத்தை வரைந்து ஒரு பெயரும் வைத்தார்கள். மேலட்டைப் படமாக வந்தவளே கச்சேரி மேடைக்கு வந்துவிட்டாள். ஒளிப்படமாக ஆடுகிறாள், பாடுகிறாள். கொசுறாக வந்தது முதலாளியானது என்றால் இதுதான்.

இதையெல்லாம்விட நம்மைப் போன்ற கடைக்காரர்கள் காது கொடுக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஜப்பானில் புதிதாக வந்த சி.டி.யைக் கடைக்காரர் தம் இஷ்டத்துக்கு விலை குறைத்து விற்க முடியாது. புத்தகம், செய்தித்தாள் போலவே இசைத்தட்டுக்கும் வெளியிடும் கம்பெனியே விலையைக் கட்டிவைக்க அந்நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. டோக்கியோவில் ஏழு மாடிக் கடையிலும் கிராமத்துச் சந்துக் கடையிலும் ஒரே விலை. பெரிய முதலாளி நஷ்டத்துக்கு விற்று சின்ன வியாபாரியை ஒழிக்கிற வித்தை அங்கே சி.டி.யில் நடக்காது. செல்போனைத் தடவினால் பாதி விலை என்று வரும் காலத்தில் கடை நடத்திக்கொண்டிருக்கும் நமக்கு, இதைக் கேட்டால் பெருமூச்சுத்தான் வருகிறது.

விலையில் போட்டி இல்லையென்றால் வேறு எதில் போட்டி? கொசுறில்தான். ஒரே சி.டி.யை இந்தக் கடையில் வாங்கினால் ஒரு போஸ்டர், அந்தக் கடையில் வாங்கினால் ஒரு போட்டோ, மூன்றாவது கடையில் வாங்கினால் ஒரு சாவி வளையம். எந்தக் கடை எதைக் கொடுக்கிறது என்று விசாரித்துக்கொண்டு ரசிகர் கடைக்கு வருகிறார். உலகம் முழுவதும் சி.டி. கடைகள் மூடப்பட்ட பிறகும் ஜப்பானில் கணிசமான கடைகள் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதுவரை கேட்டால், கொசுறு வாழ்க என்று கோஷம் போடத் தோன்றும்.

கதை அத்தோடு முடியவில்லை.

டோக்கியோவில் அகிஹபாரா என்று ஒரு மின்சாதனக் கடைவீதி. நம் மீனாட்சி பஜாரைப் பல மடங்கு பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு மலிவு விலைக் கடைக் கட்டடத்தின் எட்டாவது மாடியில், 2005 டிசம்பரில், 250 பேர் கொள்ளும் சின்ன அரங்கத்தில் ஏ.கே.பி. 48 என்ற பெண்கள் பாட்டுக் குழு ஆரம்பமானது. முதல் நாள் டிக்கெட் எடுத்து வந்த பொதுஜனம் ஏழே பேர் என்பார்கள். தினமும் போய்ப் பார்க்கலாம், பக்கத்தில் நின்று பார்க்கலாம் என்பதுதான் அவர்கள் போட்ட கடை. அகிமோத்தோ யசுஷி என்ற தயாரிப்பாளரின் மூளை அது. கூட்டம் சேர்ந்ததும் சி.டி.க்குள் ஒரு சீட்டை வைத்தார்கள். அந்தச் சீட்டோடு போனால் பிடித்த பெண்ணோடு சில வினாடி கை குலுக்கலாம். ஒரு சீட்டுக்கு ஒரு முறை. மறுபடி குலுக்க வேண்டுமானால் மறுபடி வாங்க வேண்டும்.

2009ல் அடுத்த படி. சி.டி.க்குள் ஓட்டுச் சீட்டு! குழுவில் யார் முன்வரிசையில் நிற்பது, யார் நடுவில் நிற்பது என்பதை ரசிகர்கள் ஓட்டுப்போட்டுத் தீர்மானிக்கலாம். பெயரே 'பொதுத் தேர்தல்'தான். ஆனால் ஒருவருக்கு ஒரு ஓட்டு அல்ல, ஒரு சி.டி.க்கு ஒரு ஓட்டு. ஆயிரம் சி.டி. வாங்கினால் ஆயிரம் ஓட்டு. ஓட்டுக்குக் காசு கொடுப்பார்கள் என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம், இங்கே ஓட்டுப்போடுகிறவரே காசு கொடுக்கிறார். 2018 வரை ஆண்டுதோறும் இந்தத் தேர்தல் நடந்தது. இடையில் 2010ல், யார் நடுவில் நிற்பது என்பதைக் கல், கத்தரி, காகிதம் என்ற சிறுபிள்ளை விளையாட்டில்கூடத் தீர்மானித்துப் பார்த்தார்கள். அதற்கும் கூட்டம்! 2011ல் இக்குழுவின் ஒரு பாட்டு வெளியான முதல் நாளிலேயே பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. கொள்முதல், விற்பனை, கல்லா என்று கணக்குப் பார்க்கிற எந்த வியாபாரிக்கும் வாயில் எச்சில் ஊறும் எண்ணிக்கை.

வாங்கிய சி.டி. என்ன ஆயிற்று? ஒரு பாட்டைக் கேட்க ஒரு தட்டுப் போதும். மிச்சம் இருநூறு, முந்நூறு தட்டுகளை என்ன செய்வது? பழைய சாமான் கடைக்காரர்கூட வாங்க மாட்டார். 2017ல் புகுவோக்கா மாநிலத்தில் ஒருவர் 585 சி.டி.களைக் கொண்டுபோய் மலைக்காட்டில் கொட்டிவிட்டார். குப்பை கொட்டிய குற்றத்துக்காகப் போலீஸ் அவர்மேல் நடவடிக்கை எடுத்தது. அத்தனையும் ஒரே குழுவின் சி.டி. அத்தனையிலும் சீட்டு மட்டும் உருவப்பட்டிருந்தது.

அதைப் படித்தபோது நமக்குக் கோச்சடை வாறுகால்தான் கண்ணில் வந்தது. ஜப்பானில் மலை, இங்கே வாறுகால். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதே நாட்டு ரசிகர்கள் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. ஸ்மாப் என்று ஐந்து பேர் கொண்ட ஓர் ஆண்கள் குழு. இருபத்தைந்து வருஷம் கொடிகட்டிப் பறந்தது. பூக்கடையில் இருக்கும் பூக்களைப் பற்றி 2003ல் அவர்கள் வெளியிட்ட ஒரு பாட்டு நாடு முழுக்கப் பிரபலம். 2016 ஜனவரியில் குழு பிரியப்போகிறது என்று செய்தி கசிந்தது. ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மறியல் இல்லை, தீக்குளிப்பு இல்லை. கடைக்குப் போய் அந்தப் பதின்மூன்று வருஷத்துப் பழைய பாட்டைப் புதிதாக ஒரு தட்டு வாங்கினார்கள். உள்ளே சீட்டு கிடையாது, போஸ்டர் கிடையாது. எல்லோர் வீட்டிலும் ஏற்கெனவே அந்தப் பாட்டு உண்டு. எங்களுக்கு நீங்கள் வேண்டும் என்று சொல்ல அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை, கல்லாவில் காசு வைத்துச் சொன்னார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அப்பாட்டின் மொத்த விற்பனை முப்பது லட்சத்தைத் தாண்டியது. 2016 டிசம்பர் 31ந் தேதி குழு பிரிந்தேவிட்டது. இருந்தாலும் அந்தத் தட்டை எவரும் மலையில் கொண்டுபோய்க் கொட்டியதாகச் செய்தி இல்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். கொசுறுக்குச் சட்டம் உண்டா என்று சிரிக்க வேண்டாம். ஜப்பானில் 1962ம் ஆண்டிலிருந்து இருக்கிறது. பொருள் வாங்குகிற எல்லோருக்கும் கொடுக்கும் கொசுறு, ஆயிரம் யென்னுக்கு உட்பட்ட வியாபாரத்தில் 200 யென்னுக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேற்பட்ட வியாபாரமானால் விலையில் ஐந்தில் ஒரு பங்கு. மிக முக்கியமான விதி வேறு. பல விதமான அட்டைகளைப் பாக்கெட்டுகளில் வைத்து, முழு வரிசையையும் சேர்த்தால் பரிசு என்று சொல்லும் ஏற்பாடு அங்கே அறவே கூடாது. செல்போன் விளையாட்டுகளில் இதே தந்திரத்தைப் புகுத்தி கம்பெனிகள் கொழுத்தபோது, 2012ல் அந்நாட்டு நுகர்வோர் துறை, அதுவும் இதே தடைக்குள்தான் வரும் என்று அறிவித்தது. கம்பெனிகள் வாலைச் சுருட்டிக்கொண்டன. காரணம் எளிது. பன்னிரண்டில் பதினொன்று சேர்ந்தபின் பன்னிரண்டாவது கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று பிள்ளைக்குத் தெரியாது. அச்சடிக்கிறவனுக்குத் தெரியும். அப்படியானால் கை குலுக்கும் சீட்டு எப்படித் தப்பித்தது என்று கேட்பீர்கள். நாலு வினாடி கை குலுக்கலுக்கு எந்த அதிகாரி விலை போடுவார்!

நம் நாட்டிலும் 2019ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். கொடுக்கும் எண்ணமே இல்லாமல் பரிசு அறிவிப்பதும், விலையில் சேர்த்துவிட்ட பொருளை இலவசம் என்று சொல்வதும், சரக்கை விற்பதற்காகக் குலுக்கல், அதிர்ஷ்டப் போட்டி நடத்துவதும் நேர்மையற்ற வணிகம் என்று எழுதியிருக்கிறது. லாட்டரியை 2003லேயே ஒழித்த மாநிலம் நம்முடையது. ஒன்பதாம் அட்டையைத் தேடிப் பிள்ளைகள் பாக்கெட் கிழிப்பதற்கும் லாட்டரிக்கும் நாம் பெரிய வேறுபாடு காணவில்லை. புகார் என்று வந்தால் விநியோகஸ்தர் எந்த ஊரிலோ இருப்பார், கடைப் பலகையில் பெயர் இருப்பது நமக்குத்தான்.

ரசிகர் பணம் கடைவீதிக்கு வரவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. மதுரைக்காரன் அப்படிச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். 1937ல் வந்த சிந்தாமணி படத்தின் லாபத்தில்தான் அதே பெயரில் இங்கே ஒரு தியேட்டரே எழுந்தது. படத்தை எடுத்த ராயல் டாக்கி டிஸ்டிரிபியூட்டர்ஸ் மதுரைக் கம்பெனி. தியேட்டர் வாசலில் சில்லறைக் காசுக்குப் பாட்டுப் புத்தகம் விற்றுக் குடும்பம் நடத்தியவர்கள் எத்தனையோ பேர். படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர் கையில் மெல்லிய தாளில் அச்சான அந்தப் புத்தகம் இருக்கும். வீட்டில் பெட்டிக்குள் வருஷக்கணக்கில் கிடக்கும். பிறகு வந்தது கேசட் காலம். களவாசலிலும் அரசரடியிலும் ரெக்கார்டிங் சென்டரில், ஜப்பானிய டி.டி.கே. கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு மூன்று நாள் கழித்து வாங்கிக்கொள்வோம். அறுபது நிமிஷக் கேசட்டின் கடைசியில் இடம் மிஞ்சினால், பட்டியலில் இல்லாத ஒரு பாட்டைக் கடைக்காரரே தம் ரசனைப்படி பதிந்து கொடுப்பார். அதுதான் அசல் கொசுறு. அந்தப் பாட்டுக்காகவே அந்தக் கடையைத் தேடிப் போனவர்களில் நாமும் உண்டு.

அன்றைக்கு ஜப்பான் டேப்ரிக்கார்டரில் நம் பாட்டு ஓடியது. 1998ல் நம் பாட்டே ஜப்பானுக்குப் போனது. 1995 தீபாவளிக்கு வந்த ரஜினிகாந்தின் 'முத்து' படம், 'ஆடும் மகாராஜா' என்ற பெயர் சேர்த்து டோக்கியோவின் ஷிபுயாவில் சினிமா ரைஸ் என்ற ஒரே தியேட்டரில் திரையிடப்பட்டு இருபது வாரங்களுக்கு மேல் ஓடியது. கோச்சடையில் முத்தையா சாமி குடியிருப்பதால், தெருவுக்கு நாலு முத்துவும் முத்தையாவும் உண்டு. நம் பெயர் ஜப்பானில் ஓடுகிறது என்று அன்றைக்கு அவர்களுக்கெல்லாம் தனிப் பெருமிதம். (2014ல் வந்த 'கோச்சடையான்' படத்துக்கு, ஊர்ப் பெயரே என்று இங்கே கொஞ்சம் கூடுதலாகப் பட்டாசு வெடித்ததும் உண்மை. அது பாண்டிய மன்னன் பெயர் என்று சொன்னால் கேட்பார் யார்!) ஜப்பானில் ஒரு இந்தியப் படம் செய்த அதிகபட்ச வசூல் என்ற பெருமையை 'முத்து' 2022 வரை வைத்திருந்தது. 2022ல் 'ஆர்.ஆர்.ஆர்.' தெலுங்குப் படம் அதைத் தாண்டியது.

அங்கே இந்தியப் படங்களுக்கு 'மசாலா காட்சி' என்று தனியாக ஒரு காட்சி வைப்பதுண்டு. அந்தக் காட்சியில் மட்டும் ரசிகர்கள் கத்தலாம், பட்டாசுக் குழல் இழுக்கலாம், வண்ணக் காகிதம் வீசலாம். மற்ற காட்சிகளில் மூச்சு விடக் கூடாது. காட்சி முடிந்ததும் வீசியவர்களே காகிதத்தைப் பொறுக்கிப் பையில் போட்டுவிட்டுப் போகிறார்கள். காகிதம் வீசும் பழக்கம் நம் தியேட்டர்களில் பிறந்தது, பொறுக்கும் பழக்கம் அவர்களுடையது. வெளியே வரும்போது தியேட்டர் கடையில் அந்தப் படத்துக்கென்று அச்சிட்ட புத்தகத்தை வாங்கிக்கொள்கிறார்கள். நடிகர் படம், கதை, கட்டுரை எல்லாம் இருக்கும் கெட்டித்தாள் புத்தகம். நாம் கைவிட்ட பாட்டுப் புத்தகத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று சொல்லலாம். அதை அவர்கள் இன்றைக்கும் காசு கொடுத்து வாங்குகிறார்கள், பத்திரப்படுத்துகிறார்கள்.

நம் பக்கத்திலோ ரசிகர் காசு வேறு விதமாகக் கரைகிறது. மாலை, பட்டாசு, மைக்செட், பால். பூக்கடைக்காரரும் மைக்செட்காரரும் நாலு காசு பார்ப்பதில் நமக்குச் சந்தோஷமே. ஆனால் விடியற்காலையில் கடை வாசலில் இறக்கிவைத்த பால் பாக்கெட்டுகள் கட்-அவுட் அபிஷேகத்துக்குக் காணாமல் போகின்றன என்று பால் முகவர்கள் 2019ல் போலீஸ் வரை போக நேர்ந்ததை மறந்துவிட முடியுமா? மாலைக்குக் கடன் சொல்லிவிட்டு, படம் ஊத்திக்கொண்டதும் அந்தத் தெருப் பக்கமே வராத மன்றத்துக்காரர்களைப் பற்றி நம் உறுப்பினர்கள் சொல்லும் கதைகள் தனி. நட்சத்திரத்தின் படம் போட்ட பனியனைப் பெட்டி பெட்டியாக எடுத்து, ரிலீஸ் தேதி இரண்டு முறை தள்ளிப்போனதில் மொத்தத்தையும் பாதி விலைக்கு ஒழித்தவரும் நம்மிடையே இருக்கிறார். மல்லிகைப் பூவுக்காவது அடுத்த நாள் வேறு கல்யாணம் வரும்.

ஆகவே பத்துப் பெட்டி விஷயத்தில் நம் அபிப்பிராயம், எடுக்க வேண்டாம் என்பதே. பண்டம் நன்றாயிருந்து, கூட ஒரு அட்டை இருந்தால் இருக்கட்டும். எந்த அட்டை என்று வெளியே தெரியும்படி போட்டு, வேண்டிய அட்டையைப் பார்த்து எடுத்துக்கொள் என்று கம்பெனி சொல்லுமானால் நாமே முதல் பெட்டியை எடுக்கிறோம். ஒளித்துவைத்து விற்பதாயிருந்தால் அந்தச் சரக்கு நம் அலமாரிக்கு வேண்டாம். இதைப் பக்கத்துக் கடைக்காரர் எடுத்து விற்பார், நாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதானா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் தனித்தனியாக முடிவு செய்யாமல், மேலக்கால் ரோட்டுக் கடைகள் எல்லாம் சேர்ந்து ஒரே பதில் சொல்ல வேண்டும் என்கிறோம். ஜப்பான் சி.டி. கடைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே விலை என்று சட்டம் போட்டுக்கொடுத்தது. நமக்கு அப்படிச் சட்டம் இல்லை, சங்கம் இருக்கிறது.

கொசுறு கொடுத்தே ஆக வேண்டும் என்றால் நம் கைவசம் பழைய கொசுறு ஒன்று இருக்கிறது. ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுகிறார்கள். முருகன், மீனாட்சி, குழந்தை, நடிகர் எல்லாம் அதில் உண்டு. கடைப் பெயரோடு வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் 365 நாள் தொங்கும். யாரும் அதைக் கிழித்து வாறுகாலில் போடுவதில்லை, தேதித் தாளைத் தவிர.

நம் மளிகைக் கடை உறுப்பினர் பெட்டிகளை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டு, இந்த முறை காலண்டர் நூறு கூடுதலாகச் சொல்லியிருப்பதாகத் தெரிவித்தார். ஆனாலும் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் கடை வாசலில் வந்து நிற்கிறார்களாம். "அண்ணாச்சி, ஒன்பதாம் நம்பர் வந்துருச்சா?"